நீலகிரிக்குச் சைக்கிளை எப்படிக் கொண்டுசெல்வது?

சென்னையிலிருந்து உதகைக்குச் சைக்கிளைக் கொண்டுவர நினைப்பவர், மேட்டுப்பாளையம் வரையிலான சமவெளிப் பயணத்தையும், அங்கிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்துக்கு ஏறும் மலைப்பாதையையும் தனித்தனியாகவே திட்டமிட வேண்டும். முன்னதற்கு ஏற்ற ஏற்பாடு பின்னதற்கும் ஏற்றதாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சமவெளிக்கு என் தேர்வு, சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ். பயணச்சீட்டைக் காட்டி, பார்சல் அலுவலகத்தில் சைக்கிளை உங்கள் உடைமையாகப் பதிவு செய்யுங்கள். வெறும் பார்சலாகப் பதிந்தால் அது வேறொரு ரயிலில், வேறொரு நாளில் வந்து சேரக்கூடும்.

கட்டும் வேலைக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பெடல்களைக் கழற்றும்போது, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை நினைவில் வையுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, இருக்கையை இறக்கி, கியர் இருக்கும் பக்கத்தை மேல்நோக்கி வையுங்கள். ஒருமுறை இதை நான் அலட்சியப்படுத்தியதால் பின்கியரைத் தாங்கும் சிறு தகடு வளைந்து, பயணத்தின் முதல் நாள் முழுவதும் பட்டறையிலேயே கழிந்தது. முன்சக்கரத்தைக் கழற்றினால், அதைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் இடையே ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால், பிரேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது பிடியை அழுத்திய மறுகணம் அவை ஒன்றோடொன்று நெருங்கிவிடும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், பழைய வேட்டியும் கிழிந்த டியூபுமே சுற்றுவதற்குப் போதும். உண்மையில் அவைதான் நன்றாகப் பிடித்தும் நிற்கும்.

மேட்டுப்பாளையத்துக்கு மேல் மலை ரயிலை நம்ப வேண்டாம். மீட்டர் கேஜ் பாதையில் ஓடும் அந்தச் சிறிய பெட்டிகளில் பயணிகளுக்கே இடம் போதாது. அரசுப் பேருந்தில் ஏற்றுவது நடத்துநரின் சம்மதத்தையும் அன்றைய கூட்டத்தையும் பொறுத்தது. சொந்தக் காரில் வருபவர்கள் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை, அதாவது நீலகிரிக்குள் நுழைவதற்கான இணையவழி அனுமதியை, பெற்றிருக்க வேண்டும். காரின் பின்புறத் தாங்கியில் மாட்டும் சைக்கிள், பதிவெண்ணையும் விளக்குகளையும் மறைக்காமல், பக்கவாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்காமல் இருக்க வேண்டும். குன்னூர்ப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பேருந்து வரும்போது ஒரு சாண் இடம்கூடப் பெரிது. இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றால் மேட்டுப்பாளையத்தில் சரக்கு ஆட்டோ பேசிக்கொள்வதே எளிது. படுக்கவைக்காமல் நிற்கவைத்து, சட்டத்தில் கயிறு கட்டச் சொல்லுங்கள், சக்கரக் கம்பிகளில் கட்ட விடாதீர்கள்.