இணை நன்கொடை கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மற்றவர்கள் கொடுத்தால், அதற்கேற்பத் தானும் தருவதாக ஒருவர் வாக்களிக்கும் பணமே இணை நன்கொடை. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில், அதையும் சேர்த்து ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், தான் 10 லட்சம் டாலர் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதியம் ஒன்று வாக்களித்தது. திரட்டாவிட்டால் அந்தப் பணம் வராது என்ற நிபந்தனை மெய்யாக இருந்ததால்தான் அது இணை நன்கொடை.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். வெளியூர் நோயாளிகளின் துணையாட்களுக்கு உணவளிக்க நிதி திரட்டியபோது, தோல் ஏற்றுமதியாளர் ஒருவர் எப்படியும் தருவதாக இருந்த 2 லட்சத்தை, "நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர் ஒரு ரூபாய் தருவார்" என்று நோட்டீஸில் அச்சிட்டோம். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர், முந்தானை முடிச்சிலிருந்து 50 ரூபாயை எடுத்தபடி, "நான் குடுக்கலன்னா அவரும் குடுக்கமாட்டாரா தம்பி?" என்று கேட்டார். ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நிபந்தனை இல்லாத பணத்தை நிபந்தனை உள்ளதாகக் காட்டுவது, ஏழையின் பணத்தைப் பொய் சொல்லி வாங்குவதேயாகும். "அவர் 2 லட்சம் தந்துவிட்டார், இன்னும் 3 லட்சம் தேவை" என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். முதல் கொடை விழுந்துவிட்டது என்ற செய்திக்கே மற்றவர்களைக் கொடுக்கத் தூண்டும் வலிமை உண்டு.

ஒன்றுக்கு மூன்றாகத் தரச்சொல்லிப் பெரிய கொடையாளரை நெருக்குவதும் வீண். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பி ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, இணை நன்கொடை அறிவிப்பு வரவைக் கூட்டியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்பதை மூன்றாக உயர்த்தியதால் கூடுதல் பயன் ஏதும் இல்லை.

வாய்ப்பேச்சை நம்பி நோட்டீஸ் அடிக்கவும் கூடாது. உச்சவரம்பு, கடைசித் தேதி, பணம் வந்து சேரும் நாள், இலக்கை எட்டாவிட்டால் என்ன செய்வது ஆகிய நான்கையும் கொடையாளரின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு, அவற்றையே நோட்டீஸிலும் அச்சிட வேண்டும். வரம்பு நிறைந்த அன்றே, இனி வரும் பணத்துக்கு இணை கிடையாது என்று வாட்ஸ்அப் குழுக்களிலும் வசூலுக்குப் போகும் பிள்ளைகளிடமும் தெரிவித்துவிட வேண்டும்.