சீலிங் கார்னிஸ்: வாங்கும்போதும் வெட்டும்போதும்

சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் ஒட்டும் கார்னிஸ் பட்டையை நீங்களே போட நினைத்தால், முதலில் அறையைச் சுற்றி அளந்துவிடுங்கள். 12க்கு 10 அறை என்றால் சுற்றளவு 44 அடி. 8 அடிப் பட்டை ஆறு போதும் என்று கணக்கு சொல்லும், ஏழு வாங்குங்கள். மூலை வெட்டில் வீணாவது நிச்சயம். அப்புறம் போய்க் கேட்டால் அதே டிசைன் கிடைக்காமல் போகலாம்.

பட்டை வளையாமல் இருக்கிறதா என்று கடையிலேயே ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். தெர்மகோல் வகை என்றால் அதற்கான பசையையே கேட்டு வாங்குங்கள், சாதாரண ரப்பர் பசை அதைக் கரைத்துவிடும்.

வெட்டுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 45 டிகிரி மைட்டர் பெட்டியில் (ரம்பம் சரியான சாய்வில் போக வெட்டுப்பள்ளம் உள்ள பெட்டி) பட்டையைத் தலைகீழாக வையுங்கள்: சீலிங்கைத் தொடும் விளிம்பு பெட்டியின் அடியில், சுவரைத் தொடும் விளிம்பு பெட்டியின் பக்கச்சுவரில். இரண்டும் முழுசாகப் படிந்திருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் மூலை சேராது. பட்டையின் பின்புறம் பென்சிலால் 'சீலிங்', 'சுவர்' என்று எழுதிக்கொள்வது பெரிய உதவி. உள்மூலைக்கு, வெட்டியபின் சுவர் விளிம்பு நீளமாக இருக்க வேண்டும். வெளிமூலைக்கு, அதாவது சுவர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூலைக்கு, சீலிங் விளிம்பு.

நம் வீட்டு மூலைகள் சரியாக 90 டிகிரி இருப்பது அபூர்வம். அதனால் ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்த்த பிறகே முழுப் பட்டையில் ரம்பத்தை வையுங்கள். மெல்லிய இடைவெளி விழுந்தால் அக்ரிலிக் சீலன்ட் தடவி, ஈர விரலால் நீவிவிட்டு, காய்ந்ததும் பெயின்ட் அடிக்கலாம்.