மலையில் ஏர் ரைஃபிள்: குறி சிதறினால் துப்பாக்கியைத் திட்டும் முன்

கோவையில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய குரூப் (தாளில் விழுந்த ஓட்டைகளின் கூட்டம்), ஊட்டிக்கு வந்ததும் தாள் முழுக்கச் சிதறுகிறது என்று பலர் புலம்புவதுண்டு. முதல் சந்தேகம் ஸ்பிரிங் மேல் விழும், அப்புறம் ஸ்கோப் மேல், கடைசியில் விற்ற கடைக்காரர் மேல். பெரும்பாலும் இவர்கள் யாரும் குற்றவாளி இல்லை. ஊர் மாறியிருக்கிறது, பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) டப்பாவும் மாறியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஸ்கோப் திருகைத் திருகிக்கொண்டே இருந்தால் சரியாகாது.

அமெரிக்காவில் வயலைக் கெடுக்கும் சின்னப் பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுபவர்கள், .22-250 போன்ற ரகத் துப்பாக்கிகளுக்கான தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். நமக்கு அந்த வழி கிடையாது. தோட்டா செய்ய உரிமம் வேண்டும். குன்னூர் பக்கத்து அரவங்காட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாக கார்டைட் என்ற வெடிமருந்து செய்யும் ஃபேக்டரி ஓடுகிறது என்பதற்காக நமக்கு மருந்து கிடைத்துவிடாது. ஆனால் அவர்களுடைய பொறுமையை 4.5 மி.மீ. பெல்லட்டுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏர் ரைஃபிளில் நம் கையில் இருக்கும் ‘மருந்து’ பெல்லட்தான்.

அங்கேதான் முதல் தவறு. கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கி, அது தீர்ந்ததும் வேறொன்றை வாங்குவது. 4.5 என்று டப்பாவில் போட்டிருந்தாலும் பெல்லட்டின் தலை 4.49, 4.50, 4.51, 4.52 என்று வேறுபடும். ஒரு பேரலுக்கு 4.50 பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடலுக்கு 4.52 பிடிக்கும். இதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பேரல் வாயில் பெல்லட்டை விரலால் அழுத்தும்போதே கொஞ்சம் தெரியும். தானாக வழுக்கிக்கொண்டு போனால் தளர்வு, நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் இறுக்கம். நாலைந்து வகை வாங்கிச் சோதித்து, ஒன்று பிடித்துவிட்டால் அதே தொகுதி எண்ணில் இன்னும் சில டப்பாக்கள் வாங்கி வையுங்கள். வகையை மாற்றிய உடனே தீர்ப்பும் சொல்லாதீர்கள். பேரலுக்குள் பழைய ஈயம் படிந்திருக்கும். புதியது பத்து இருபது போன பிறகுதான் நிலைக்கும்.

பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி மெல்லிசாக இருக்கும். அதுதான் காற்றை அடைக்கிறது. அது நசுங்கினால் குறி போச்சு. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த ஜீப்பில், பாதி காலியான டப்பா என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திறந்து பார்த்தால் அடியில் கருப்புத் தூள், நாலைந்து பாவாடைகள் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். மூடிக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் தீர்ந்தது. சுடும்போது பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள், அது ஈயம். டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்தது, மூன்று பெல்லட் சுட்டுவிட்டு ‘குரூப் சூப்பர்’ என்று போட்டோ எடுப்பது. அதே துப்பாக்கி, அதே கை, அதே பெல்லட்டாக இருந்தாலும் மூன்று முறை சுட்டு வரும் குரூப்பின் அகலம், பத்து முறை சுட்டு வருவதில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. மூன்றை வைத்து இரண்டு பெல்லட் வகைகளை ஒப்பிடுவது பூவா தலையா போடுவதற்குச் சமம். வகைக்குப் பத்தாவது சுடுங்கள். தூரமாக விழுந்த ஒன்றை ‘அது என் கை நடுங்கினது’ என்று கழித்துவிடாதீர்கள்.

வேகப் பைத்தியம் தனி வியாதி. பெட்டியில் நொடிக்கு 1000 அடி, 1200 அடி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த எண் எடை குறைந்த பெல்லட்டில் எடுத்தது. பெல்லட்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கினாலே அது தடுமாற ஆரம்பிக்கும். 10 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அபினவ் பிந்த்ரா 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது அந்தப் போட்டியில்தான். அதில் பெல்லட் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் போகிறது, அவ்வளவுதான்.

சரி, மலைக்கு வருவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கி சுற்றியிருக்கும் காற்றை உள்ளிழுத்து அழுத்தித்தான் பெல்லட்டைத் தள்ளுகிறது. காற்றே மெலிந்திருக்கும்போது வேகம் குறையத்தான் செய்யும். பிசிபி (முன்பே சிலிண்டரில் காற்றை நிரப்பி வைத்துச் சுடும் ஏர் ரைஃபிள்) கதை வேறு. அது அடைத்து வைத்த காற்றில் ஓடுவதால் பெல்லட் கிளம்பும் வேகம் அப்படியே இருக்கும், வழியில் தடை குறைவு என்பதால் 40 மீட்டரில் கொஞ்சம் மேலே அடிக்கும். இரண்டுக்குமே மேட்டுப்பாளையத்தில் வைத்த ஜீரோவை (குண்டு விழும் இடத்துக்கு ஸ்கோப்பைப் பொருத்திய அமைப்பை) மேலே வந்து சரிபார்த்துத்தான் ஆக வேண்டும்.

பிசிபிக்காரர்களை மார்கழிக் குளிர் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். 30 டிகிரியில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய சிலிண்டர் 10 டிகிரிக்கு வந்ததும் மீட்டர் 187 காட்டும். உடனே லீக் என்று ஓ-ரிங்கை, அதாவது காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தை, கழற்ற வேண்டாம். குளிர்ந்த காற்றுக்கு அழுத்தம் குறையும், வேறொன்றுமில்லை. பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. பனிமூட்டத்தில் கைப்பம்பு அடித்தால் காற்றோடு நீரும் உள்ளே போய்ச் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். வெயில் வந்த பிறகு நிரப்புங்கள், ஈரம் உறிஞ்சும் ஃபில்ட்டரையும் அவ்வப்போது மாற்றுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு எண்ணெய் விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். தையல் மெஷின் எண்ணெய், அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றுவார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்கே தேய்க்கிறோம், அதைப் பிஸ்டனுக்கு விட்டால் என்ன ஆகும்? மற்ற எண்ணெய் காற்றழுத்தத்தின் சூட்டில் பற்றிக்கொண்டு படாரென்று வெடிக்கும், புகை வரும், ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு வேகத்தில் போகும். கையேட்டில் சொன்ன கிரீஸ், சொன்ன இடத்தில், சொன்ன அளவு மட்டும்.

பிடியில் ஒன்றுதான். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, மரப்பலகை மேலும் வைக்கக் கூடாது. பெல்லட் வெளியேறும் முன்பே அது பின்னும் முன்னும் உதறும். திறந்த உள்ளங்கையில் ஏந்தி, அது உதறட்டும் என்று விடுங்கள். ஸ்கோப் வாங்கும்போதும் இந்த இரட்டை உதறலைத் தாங்கும், 10 மீட்டருக்கே ஃபோகஸ் ஆகும் ஏர்கன் ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் தோட்டத்துக் குரங்கையும் மலை அணிலையும் சுடலாம் என்று நினைப்பது ஜெயிலில் கொண்டுபோய் விடும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு காகம், எலி போன்றவற்றையாவது கொல்லலாம் என்று ஓர் அட்டவணை தனியாக இருந்தது, 2022 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். தாளும் டப்பாவும்தான் நம் இலக்கு.

அந்தத் தாளை எங்கே மாட்டுகிறோம் என்பதில் நம் ஊரில் அலட்சியம் அதிகம். பாறை மேல் சாய்த்தால் ஈயம் தெறித்துத் திரும்பி வரும். தேயிலைச் சரிவை நோக்கி மாட்டினால், குனிந்து கொழுந்து எடுப்பவர் செடிக்கு மேல் தெரியவே மாட்டார். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். வெட்டிய மண்சுவர் பின்னால் இருக்கும் இடமாகப் பாருங்கள், அதற்கு முன்னால் பழைய துணி அடைத்த மரப்பெட்டி ஒன்று வையுங்கள். ஈயமும் அதிலேயே தங்கும், ஓடைக்குப் போகாது.