அக்குள் சிக்கும் சோள மாவும்

எங்கள் நீள்முடிப் பூனையின் முன்னங்கால் அக்குளில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிக்கு. குளிப்பாட்டினால் இளகும் என்று நனைத்தேன். அதுதான் தப்பு. காய்ந்ததும் சிக்கு இன்னும் இறுகிப்போய், தொட்டாலே பூனை சீற ஆரம்பித்தது. அடுத்து கத்தரிக்கோலை எடுத்தேன், நல்லவேளை, வைத்துவிட்டேன். பூனையின் தோல் ரொம்ப மெல்லிசு. சிக்கை இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வரும், எது முடி எது தோல் என்றே தெரியாது.

கைகொடுத்தது சோள மாவு (கடையில் கார்ன்ஃப்ளோர் என்று விற்பது). சாப்பிட்டுவிட்டு அது சொக்கிக் கிடந்த நேரம் பார்த்து, ஒரு சிட்டிகை மாவைச் சிக்கில் தேய்த்தேன். முடியின் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இழுப்பது தோலுக்குத் தெரியக் கூடாது. பிறகு சீப்பின் ஓரப் பல்லால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். வேரிலிருந்து ஆரம்பித்தால் கடிதான் கிடைக்கும் (தழும்பு இருக்கிறது). வாலைப் படபடவென அடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்று நாள் பிடித்தது. கடைசியில் சாம்பல் நிறப் பஞ்சுருண்டையாகக் கையோடு வந்தது. பூனை அதை மோந்து பார்த்துவிட்டு, யாருடையதோ என்பதுபோல் நடையைக் கட்டியது.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சீவிவிடுகிறேன். முதுகைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்கிறது.