தனுஷ்கோடி பழைய தேவாலயத்தை நிதானமாகப் பார்க்க

ராமேசுவரத்திலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் நேரே சாலை முடியும் அரிச்சல்முனைக்குப் போய்விடும். தேவாலயம் அதற்குச் சுமார் 5 கி.மீ. முன்பே, பழைய ஊருக்குள் இருக்கிறது. ஏறும்போதே “பழைய சர்ச்சுல நிறுத்தணும்” என்று சொல்லுங்கள். ஆட்டோ என்றால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து வாடகை பேசிவிடுங்கள். பேசாமல் போனால் பத்து நிமிடத்தில் ஹாரன் அடிக்கும், நீங்களும் ஒரு செல்ஃபியோடு திரும்ப வேண்டியதுதான். முனையை முடித்துவிட்டு வரும் வழியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மாலையில் இருட்டுவதற்குள் போலீஸார் எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள்.

காலை வெயில் ஏறுமுன் போவதே சரி. நிழல் கிடையாது என்பது ஒரு காரணம். சாய்வாக விழும் வெளிச்சத்தில்தான் கல்லின் மேடுபள்ளம் தெரியும் என்பது முக்கியமான காரணம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையே அழித்த பிறகு கூரையின்றி நிற்கும் இந்தச் சுவர்கள், கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால் கட்டியவை. ஒரு முழ தூரத்தில் நின்று ஒரே கல்லைப் பாருங்கள். சிலவற்றில் தேன்கூடு போல நெருக்கமான குழிகள், சிலவற்றில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது.

தொடாதீர்கள், சாயாதீர்கள், மேலே ஏறவே ஏறாதீர்கள். உப்புக்காற்றின் ஈரம் கல்லுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு படிகமாக உள்ளேயே விரிகிறது. அது கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் உள்ளிருந்தே பொடியாக்கும். வெளியே உறுதியாகத் தெரியும் கல், கை வைத்தால் பெயர்ந்து வரலாம். அதனால் வளைவுக்கு நேர்கீழே நிற்கவும் வேண்டாம். கீழே கிடக்கும் துண்டை நினைவுக்கு என்று பையில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, எடுத்துப் போவது குற்றம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் தெற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கேமராவை உறையிலேயே வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கால் நனைக்க ஆசை என்றால் வடக்கே, அமைதியாக இருப்பதால் ‘பெண்கடல்’ என்று சொல்லும் பக்கம் போங்கள். தெற்கே ‘ஆண்கடல்’ என்று சொல்லும் பக்கம் இழுப்பு அதிகம்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டராவது கொண்டுபோங்கள். மணலில் தோண்டிய சிறு ஊற்றுகள் கண்ணில் பட்டால் கால் கழுவாதீர்கள், இங்குள்ள மீனவக் குடும்பங்கள் குடிக்க மொள்ளும் தண்ணீர் அது.