டூன் அன் ஸ்டிக்கிர் கோட்டைக்குக் கால் நனையாமல் போய்வருவது எப்படி

கோட்டை ஏரி நடுவே இருக்கிறது, கல்பாதையில் நடந்துதான் போக வேண்டும். அதனால் முதலில் காலணி. கணுக்காலுக்கு மேல் ஏறும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஷூ போட்டுப் போய், பாசி பிடித்த கல்லில் வழுக்கி, இடது காலை முழங்கால்வரை ஏரிக்குள் விட்டேன். ஜூன் மாதம்தான், ஆனாலும் ஸ்காட்லாந்துத் தண்ணீர்.

இடம் ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள வடக்கு யூயிஸ்ட் தீவு. ஸ்கை தீவின் ஊய்க் துறையிலிருந்து லாக்மேடிக்குக் கப்பல், ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். கோடையில் காரோடு போவதென்றால் முன்பதிவு அவசியம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சாப்பாட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். லாக்மேடியிலிருந்து ஏ865 சாலையில் வடக்கே போய், பெர்னரே தீவுப் பக்கம் திரும்பும் பி893 சாலையில் ஏறினால், நியூட்டன்ஃபெரி ஊருக்குச் சற்று முன்னால் ஏரி நடுவே கல்மேடு ஒன்று தெரியும். அதுதான் கோட்டை. டிக்கெட்டும் கிடையாது, காவலாளியும் கிடையாது. கழிப்பறை வேலையை லாக்மேடியிலேயே முடித்துவிடுங்கள்.

கரையிலிருந்து நேராகக் கோட்டைக்குப் போக முடியாது. முதல் கல்பாதை ஒரு பெரிய தீவில் கொண்டுபோய் விடும். கேலிக் (Gaelic) என்ற உள்ளூர் மொழியில் அதன் பெயருக்குக் ‘கெட்ட ஆலோசனைத் தீவு’ என்று பொருள். அதைக் கடந்தால் இரண்டாவது கல்பாதை. காய்ந்து வெளுத்த கல்லாகப் பார்த்துக் கால் வையுங்கள், கரும்பச்சையாக மின்னுவதை நம்பாதீர்கள். காற்று பலமாக இருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் உடனே போட்டோ எடுக்காமல் சுவரைப் பாருங்கள். என் அப்பா கொத்தனார், அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது சுவர்தான். வெளிச்சுவர் வட்டம். சுண்ணாம்பு, மண் எதுவும் வைக்காமல், கல்லின் மேல் கல்லை அடுக்கி, இடுக்கில் சில்லு செருகிக் கட்டியது. சுமார் 2,000 ஆண்டுப் பழைய இரும்புக்கால வேலை. இந்த வட்டக் கோபுரங்களை ‘ப்ரோக்’ என்பார்கள். சுவரை இரண்டு அடுக்காக எழுப்பி, நடுவில் இடைவெளி விடுவதுதான் இவற்றின் சூட்சுமம். எடையும் குறையும், உள்ளே படிக்கட்டும் வைக்கலாம்.

அப்புறம் வட்டத்துக்குள் திரும்புங்கள். அங்கே ஒரு நீள்சதுர அறையின் சுவர்கள் நிற்கும். நேர்கோடு, மூலை, வாசல். இது இடைக்காலத்தில் உள்ளே புகுத்திய வீடு. எனக்குப் பிடித்தது இந்த முரண்தான்: வட்டத்துக்குள் சதுரம் வைத்தால் ஓரத்தில் இடம் வீண், அப்பாவாக இருந்தால் முணுமுணுத்திருப்பார். ஆனால் மூன்று மீட்டருக்கு மேல் தடித்த வெளிச்சுவரும் சுற்றிலும் தண்ணீரும் ஓசியில் கிடைக்கும்போது யார் விடுவார்கள்?

1600 வாக்கில் இங்கே ஒளிந்திருந்தவர் ஹியூ மெக்டொனால்ட். தன் குலத் தலைவரைக் கொல்லச் சதி செய்தவர். ஊர்க்கதைப்படி, தலைவருக்கு எழுதிய நயமான கடிதமும் கூலிக்கொலையாளிக்கு எழுதிய கடிதமும் உறை மாறிப் போய்விட்டன. கடைசியில் பிடிபட்டு, ஸ்கை தீவின் டன்டுல்ம் கோட்டைச் சிறையில் உப்புக்கண்ட மாட்டிறைச்சி மட்டும் கொடுத்து, தண்ணீர் தராமல் சாகவிட்டார்களாம்.

சுவர்மேல் ஏறாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். தவிர, பிடிமானக் கலவை இல்லாத சுவரில் ஒரு கல் நகர்ந்தால் அடுத்தடுத்த கல்லும் நகரும்.

திரும்பும்போதுதான் அவசரப்படுவோம், நான் விழுந்ததும் அப்போதுதான். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி காரில் இருக்கட்டும்.