கிரில்பார்ட்ஸரை எதில் தொடங்கி எப்படிப் படிப்பது

ஆஸ்திரிய நாடகாசிரியர் ஃபிரான்ஸ் கிரில்பார்ட்ஸரை (1791–1872) எழுதப்பட்ட வரிசையில் படிக்கப் போனால் முதல் நாடகத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். 1817-இல் வியன்னாவில் அரங்கேறிய ‘டீ ஆன்ஃப்ரா’வில் (‘மூதாதைப் பெண்’) பேய், குலசாபம், கொள்ளைக்கூட்டம் எல்லாம் உண்டு. வரிக்கு நாலு அழுத்தம் வைத்து முரசு போலத் தட்டும் யாப்பு. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாடகம்தான், ஆனால் அவருடைய தனிக்குரல் அதில் குறைவு. அதைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

தொடக்கம் ‘டெர் ஆர்மெ ஷ்பீல்மான்’ (‘ஏழை இசைக்காரன்’) என்ற குறுநாவல். உரைநடை, இரண்டு அமர்வில் முடியும். உயர் அதிகாரி ஒருவரின் மகன் யாக்கோப், கிழவனாகித் தெருவில் வயலின் வாசிக்கிறான். பள்ளித் தேர்வில் ரோமானியக் கவிஞர் ஹோரேஸின் கவிதையை ஒப்பிக்கையில் ஒரே ஒரு சொல் மறந்துபோனது. அங்கிருந்து வாழ்க்கை சரிந்தது. இரண்டு தொழிலாளிகளோடு பங்கிட்டுக்கொண்ட அறையின் தரையில் குறுக்கே ஒரு சுண்ணாம்புக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அலங்கோலம், இந்தப் பக்கம் எல்லாம் அடுக்கி வைத்தபடி. அவன் வாசிக்கும் இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இனிமையான சுரச்சேர்க்கைகளை நீட்டி நீட்டி இழைக்கிறான், உறுத்தும் சுரங்களைச் சட்டென்று கடந்துவிடுகிறான். கேட்பவருக்குத் தாங்கவில்லை, அவனுக்கோ அது வழிபாடு. கதைசொல்லியின் காதை மட்டும் நம்பினால் பரிதாபக் கதை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். கடைசிப் பக்கத்தில், அவன் ஒருகாலத்தில் நேசித்த பார்பரா அந்த வயலினை விற்க மறுக்கும்போதுதான் கதையின் கனம் தெரியும்.

இந்தக் கதையிலேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பொருள்களைக் கவனிப்பது. கிரில்பார்ட்ஸரின் மாந்தர் நெருக்கடியில் அதிகம் பேசுவதில்லை. கையில் இருக்கும் பொருள் பேசும்.

அடுத்தது ‘பொன் கம்பளம்’ (1821), பொன் ஆட்டுத்தோலைத் தேடி வந்த கிரேக்க வீரனோடு தன் கொல்கிஸ் நாட்டை விட்டுப் போகும் மெடியாவின் புராணக் கதை. ஓரங்கம், நான்கங்கம், ஐந்தங்கம் என மூன்று நாடகங்கள். கடைசியான ‘மெடியா’வை மட்டும் தனியாகப் படிப்பது பலர் செய்யும் பிழை. முந்தைய இரண்டும் இல்லையென்றால், முதல் காட்சியில் கொரிந்து நகருக்கு வெளியே அவள் குழி தோண்டச் செய்து கம்பளத்தையும் மந்திரப் பொருள்களையும் புதைப்பது வெறும் சடங்காகத்தான் தெரியும். எதைப் புதைக்கிறாள் என்று தெரிந்தவருக்கே அது வலிக்கும்.

மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்கள் வாங்குமுன் வரியமைப்பைப் பாருங்கள். கிரேக்கர்கள் ஐந்து அழுத்தமுள்ள, எதுகையில்லாத ஒழுங்கான வரியில் பேசுகிறார்கள். கொல்கிஸ் நாட்டவர் நீளமும் குட்டையுமாக உடைந்த வரியில் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் உரைநடையாக்கிய பதிப்பில் இந்தப் பிளவு காணாமல் போகும். மெடியா அந்நியள் என்பது காதில் விழாது. ஜெர்மன் தெரிந்தால் பத்து வரியாவது வாய்விட்டுப் படியுங்கள்.

மூன்றாவது ‘மன்னன் ஓட்டோகார்’. தணிக்கையில் ஓராண்டுக்கும் மேல் சிக்கி, 1825-இல் வியன்னாவின் புர்க் தியேட்டரில் மேடையேறியது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் துதி என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆஸ்திரியாவைப் புகழும் நீண்ட உரை இருப்பது உண்மைதான். ஆனால் மூத்த மனைவியை விலக்கி இளையவளை மணக்கும் பொஹீமிய மன்னனில் நெப்போலியனின் சாயல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நாடகம் திறந்துகொள்ளும். கூடாரக் காட்சியில் நிதானமாகப் போங்கள். ஓட்டோகார் உள்ளே தன் எதிரியான ஹாப்ஸ்பர்க் மன்னன் ருடால்ஃப் முன் மண்டியிடுகிறான், யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில். பொஹீமியப் பிரபு சாவிஷ் கூடாரக் கயிற்றை அறுக்கிறான், திரை விழுகிறது, படையே பார்க்கிறது. அவமானம் முழுவதும் ஒரு கயிற்றில்.

வாழ்க்கை வரலாற்றை இந்த இடத்தில் படித்தால் போதும், முன்னால் வேண்டாம். தாயின் தற்கொலை 1819-இல். 1832 முதல் 1856 வரை அரசு நிதித்துறை ஆவணக்காப்பக இயக்குநர் வேலை. 1838-இல் ‘பொய் சொல்பவனுக்குக் கேடு’ என்ற நகைச்சுவை நாடகம் தோற்றதும் மேடைக்கு நாடகம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டார். கடைசிப் பெரிய நாடகங்கள் மூன்றும் அவர் இறந்த பிறகு வெளிவந்ததற்குக் காரணம் இதுதான்.

கவிதைகளை மொத்தமாக எடுக்காதீர்கள், சலிப்பு தட்டும். அவர் பலம் குறுங்கவிதையில், அதுவும் கோபத்தில் எழுதியவற்றில். கூடவே 1827-இல் பீத்தோவன் அடக்கத்துக்கு அவர் எழுதிய உரையைப் படியுங்கள். அவர் எழுத, நடிகர் அன்ஷுட்ஸ் வாசித்தார்.

பின்பு ‘ஹாப்ஸ்பர்க் வீட்டுச் சகோதரச் சண்டை’. இரண்டாம் ருடால்ஃபும் மத்தியாஸும் யார், 1618-இல் என்ன நடந்தது என்று அரைப்பக்கம் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். இல்லாவிட்டால் பெயர்களிலேயே தடுமாறுவீர்கள். எந்த முடிவெடுத்தாலும் தீங்குதான் என்று தெரிந்து முடிவெடுக்காமல் இருக்கும் அரசன், அதனாலேயே வரும் பேரழிவு. எனக்கு அவருடைய உச்சம் இதுதான்.

இப்போது ‘டீ ஆன்ஃப்ரா’வை எடுங்கள். சுவரில் தொங்கும் பழைய கத்தியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு படியுங்கள்.